தொட்டிலும் தொழிற்சாலையும்

பெற்றது பதினொன்று, பிழைத்தது நான்கு!

நம் பாட்டியார் தம் வாழ்க்கை முழுவதையும் இந்த இரண்டு சொற்றொடர்களில் சொல்லி முடித்துவிடுவார். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். நான்கு பெயர்கள் வாய் நிறைய வரும். மற்ற ஏழுக்கும் விரல் மட்டுமே மடங்கும், ஓசை எழாது. சிறுவராயிருந்த நமக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. விளையாட்டன்று அது, ஒரு பெண்ணின் இருபத்தைந்து ஆண்டுகள் பேற்றறைக்கும் இடுகாட்டுக்கும் இடையே கழிந்த கதை என்பதை உணர, நாம் வளர வேண்டியிருந்தது, படிக்க வேண்டியிருந்தது, வெட்கப்படவும் வேண்டியிருந்தது.

அந்தத் திண்ணை இன்று இல்லை. ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் இடையே, ஏரியும் கழனியுமாக இருந்த சிற்றூர் அது. இன்று அந்த வீட்டில் நம் தமக்கையார் வாழ்கிறார். மாடு கட்டியிருந்த கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எட்டு அறைகளாகிவிட்டது. அறைக்கு நால்வர். பகல் ஷிப்டுக்கு இருவர் போனால், இரவு ஷிப்டு முடித்த இருவர் வந்து அதே பாயில் படுக்கின்றனர். பாய் ஆறுவதே இல்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று, பள்ளிக்கூட வரைபடத்தில் நாம் கோலால் தொட்டுக் காட்டிய இடங்களெல்லாம் இப்போது நம் தமக்கையின் கொல்லைப்புறத்தில் கைலி உலர்த்திக்கொண்டிருக்கின்றன!

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரிய நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் பிரெஞ்சு, சப்பானிய நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை வந்தது. இவற்றோடு லாரி, டயர், மோட்டார் சைக்கிள், கைப்பேசி, கண்ணாடி என்று அணி அணியாக வந்தன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு சன்னலிலும் ஓர் இளம் முகம், உறக்கம் கலையாத முகம், தெரியும்.

அண்மையில் தமக்கையாரைக் காணச் சென்றிருந்தோம். சாலையோரத் தேநீர்க் கடையில் பழைய நண்பர்கள் சிலர் அமர்ந்திருந்தனர். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வழக்கமான இடத்துக்கு வந்தது.

"நாம் இரண்டோடு நிறுத்தினோம், பிறகு ஒன்றோடு நிறுத்தினோம். அவர்கள் நிறுத்தவே இல்லை. அங்கே பெற்றுத் தள்ளுகிறார்கள். இங்கே வந்து நிறைகிறார்கள்!" என்றார் ஒருவர்.

மற்றவர்கள் தலையாட்டினர். ஒளிப்பானேன், நம் தலையும் ஆடிற்று. பகுத்தறிவு பேசும் தலைதான், பள்ளிக்கூடத்தில் முப்பதாண்டுகள் பாடம் சொன்ன தலைதான், ஆயினும் ஆடிற்று. அந்தத் தலையாட்டலுக்குக் கழுவாய் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

அன்று மாலை, கொல்லைப்புற அறையில் தங்கியிருக்கும் இளைஞன் ஒருவன் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தான். வயது இருபத்துமூன்று இருக்கும். பீகாரில் தர்பங்கா பக்கத்துச் சிற்றூர். ஈராண்டில் கற்ற தமிழ். இலக்கணம் தடுமாறினாலும் எண்ணம் தடுமாறாத தமிழ். சற்று நேரம் தயங்கி நின்றவன், "ஐயா, ஒரு கேள்வி" என்றான்.

"கேளப்பா."

"இந்தத் தெருவில் ஏன் குழந்தை அழும் சத்தமே இல்லை? எங்கள் ஊரில் விடியற்காலையில் எந்த வீட்டைத் தாண்டினாலும் கேட்கும். இங்கே நாய் குரைக்கிறது, மிக்சி ஓடுகிறது, டி.வி. பேசுகிறது. குழந்தை இல்லை. நோயா, ஐயா?"

நாம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தெருவை நோக்கினோம். உண்மைதான்! பாட்டியார் பதினொருவரைப் பெற்ற வீடு. நம் அன்னையார் ஆறு பெற்றார்; ஐந்து பிழைத்தது. தமக்கையாருக்கு இரண்டு. அவர் மகளுக்கு ஒன்றே ஒன்று. நான்கு தலைமுறை; பதினொன்று, ஆறு, இரண்டு, ஒன்று. தொட்டில் கட்டிய உத்திரமே அந்த வீட்டில் இப்போது இல்லை.

"நோயில்லை, தம்பி! நோய் தீர்ந்த அடையாளம்" என்றோம். சொல்லிவிட்டோமே தவிர, முழு விடை அதுதானா என்ற ஐயம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இன்றைய தமிழகத்தின் எல்லைக்குள் 3.01 கோடி மக்கள் இருந்தனர். இன்றைய பீகாரின் எல்லைக்குள் இருந்தவர் 2.91 கோடி. நாம் அவர்களைவிடச் சற்று மிகுதி! அறுபதாண்டுகள் கழித்து, 2011இல், தமிழகம் 7.21 கோடி, பீகார் 10.41 கோடி. ஓடத் தொடங்கிய இடம் ஒன்று. வந்து நின்ற இடம் வேறு. இடையில் நடந்தது என்ன? அவர்கள் உடலில் வேறு குருதியா ஓடுகிறது? நம் பாட்டியார்கள் மட்டும் கட்டுப்பாட்டின் வடிவங்களா? பதினொன்று பெற்ற பாட்டியின் பேரன், ஏழு பெற்ற தாயின் மகனைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த அறநூலில் வரும் நேர்மை?

நடந்தது இதுதான். 1929 பிப்ரவரியில், அன்று இதே மாவட்டத்தில் இருந்த செங்கற்பட்டில், முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்கு 16 வயது நிறையுமுன் மணம் கூடாது. பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும். பிடிக்காத மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தனர். அதே ஆண்டின் பிற்பகுதியில் டில்லியில் நிறைவேறிய சாரதா சட்டமே 14 வயதைத்தான் எல்லையாக வைத்தது. இன்று கார் ஏற்றிச் செல்லும் நெடுந்தொலைவு லாரிகள் உறுமும் இதே மண்ணில், மக்கட்பெருக்கம் என்ற சொல்லே பலர் செவிக்கு எட்டாத நாளில், அதன் வேரில் கை வைத்தனர் அந்த மாநாட்டினர்.

1930களில் கருத்தடை பற்றி இந்நாட்டில் பேசியோர் பலர். நாட்டின் வறுமை தீரும் என்றனர் சிலர். தாயின் உடல்நலம் காக்கும் என்றனர் சிலர். அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் அம்மையார் 1935இல் வந்து காந்தியாரைக் கண்டு வாதாடினார். காந்தியாரோ கருவி வேண்டா, புலனடக்கமே போதும் என்றார். பெரியார் நின்ற இடம் வேறு. நாட்டுக்காகவும் அன்று, வீட்டுக்காகவும் அன்று. பெண் தன் உரிமையோடு வாழ்வதற்காகவே கருத்தடை வேண்டும் என்றார் அவர். அன்று அது அடாத பேச்சு. இன்று உலகத்து மக்கள்தொகை வல்லுநர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறக்குறைய அதுவே.

அரசாங்கத்தின் பார்வை எப்படி இருந்தது? 1951 கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி தம் அறிக்கையில் ஒரு சொல்லைப் படைத்தார். மூன்று பெற்ற தாய் நான்காவதாகப் பெற்றால் அதற்குப் பெயர், 'முன்யோசனையற்ற தாய்மை'! நம் பாட்டியாரைப் போன்றவர்களைத்தான் குறித்தார். யோசனையற்றவராம்! பாட்டியாரிடம் யோசனை கேட்டவர் யார்? பன்னிரண்டு வயதில் தாலி கட்டியபோது கேட்டார்களா? ஒவ்வொரு முறை கருவுற்றபோதும் கேட்டார்களா? ஏழு குழிகள் தோண்டியபோதாவது கேட்டார்களா? கேட்கப்படாத வாயைப் பார்த்து, "நீ ஏன் பேசவில்லை?" என்று குற்றம் சாட்டிற்று அந்தச் சொல்.

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது இந்தியா. உலகில் அதுவே முதல். ஆனால் யோசனை கேட்காமலே எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற ஆணவம் நெருக்கடி நிலையின்போது தலைவிரித்தாடிற்று. 1976–77ஆம் ஒரே ஆண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள்! அதிகாரிகளுக்கு இலக்கு, ஏழைகளுக்குக் கத்தி. வட மாநிலங்களில் ஆண்கள் இரவில் வயலில் பதுங்கிய காலம் அது. 1977 தேர்தலில் மக்கள் தந்த தீர்ப்பு நாடறியும். அந்த அச்சத்தால் குடும்பநலம் என்ற பெயரே வடக்கே பல ஆண்டுகள் வெறுக்கப்பட்டது. கத்தி, பிறப்பைக் குறைக்கவில்லை, நம்பிக்கையைத்தான் குறைத்தது.

தமிழகத்தில் தொட்டில்கள் குறைந்த வழி வேறு. 1956இல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. சோற்றுக்காக வந்த சிறுமி எழுத்தோடு திரும்பினாள். 1989இல், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவி என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில் மகளுக்கும் மூதாதையர் சொத்தில் பங்கு என்று சட்டம் செய்தது. ஊர்தோறும் செவிலியர் வந்தனர். பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. இந்தியாவில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020இல் அந்த எண் 28, தமிழகத்தில் 13. பிழைக்கும் என்று தெரிந்தபின், இழப்புக்கு ஈடாகப் பெற்று வைக்கும் தேவை ஏது? பாட்டியார் பதினொன்று பெற்றது ஆசையால் அன்று, அச்சத்தால்.

1990களின் தொடக்கத்திலேயே தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளைகள் 2.1 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பெற்றோர் இருவரின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்பும் அளவு அது. 2019–21 குடும்பநல ஆய்வில் அது 1.8. பீகாரில் 3.0. "பார்த்தீர்களா!" என்பார் தேநீர்க் கடை நண்பர். ஐயா, பொறுங்கள்! அதே பீகாரில் 2005–06இல் அது 4.0. பதினைந்தாண்டில் ஒன்று குறைந்திருக்கிறது. இந்தியா முழுவதும் பார்த்தால், பள்ளி வாசலை மிதியாத பெண்ணுக்குச் சராசரி 2.8 பிள்ளைகள், பன்னிரண்டாண்டு படித்தவளுக்கு 1.8. வடக்கு தெற்கு என்ற கோட்டைவிட, பலகை பிடித்தவள் பிடிக்காதவள் என்ற கோடே ஆழமானது.

நம் இளைஞனிடம் மறுநாள் அவன் வீட்டைப் பற்றிக் கேட்டோம். உடன்பிறந்தார் ஆறு பேர். மூத்த தமக்கை ஐந்தாம் வகுப்போடு நின்று, பதினைந்தில் மணமுடித்து, நான்கு பிள்ளைகளுக்குத் தாய். கடைக்குட்டித் தங்கை பத்தாம் வகுப்பு. மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறாளாம். ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்கு மிதிவண்டி என்று பீகார் அரசு 2006இல் தொடங்கிய திட்டம் அது.

"அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். படித்து முடிக்காமல் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குக் கோபம். நான் இங்கிருந்து பணம் அனுப்புகிறேன், அவள் படிக்கட்டும் என்று போனில் சொன்னேன்" என்றான்.

செங்கற்பட்டுத் தீர்மானம் தர்பங்காவில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது, மிதிவண்டியில் ஏறி! அதற்குப் பணம் போவது நம் தமக்கையின் மாட்டுக் கொட்டகையிலிருந்து. நாம் தலையாட்டிக் குறைகூறிய அந்தப் 'பெருக்கம்', தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் வேலையை நம் ஊரில்தான் உழைத்துச் சம்பாதிக்கிறது!

"அப்படியானால் எண்ணிக்கை ஏன் இன்னும் ஏறுகிறது?" என்று கேட்கலாம். ஏரியின் மதகை அடைத்தபின்னும் வாய்க்காலில் நீர் ஓடுவதைக் கண்டிருக்கிறோமல்லவா? முன்பே புறப்பட்ட நீர் அது. நேற்று நிறையப் பிறந்த பெண்கள் இன்று தாயாகும் வயதில் இருக்கின்றனர்; ஆளுக்கு இரண்டே பெற்றாலும் கூட்டுத்தொகை சில காலம் ஏறத்தான் செய்யும். 2023 ஏப்ரலில் இத்துணைக்கண்டம் சீனத்தை விஞ்சி உலகின் முதலிடத்துக்கு வந்தது என்று ஐக்கிய நாடுகள் அவை கணித்தது இவ்வகையில்தான். மதகு ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது.

இனி நம் உறக்கத்தைக் கெடுத்த மறுபாதிக்கு வருவோம். நோய் தீர்ந்த அடையாளம் என்றோமே, தீர்ந்துவிட்டதா?

தமக்கையாரின் பேத்தி பட்டயப் படிப்பு முடித்தவள். இந்தத் தடத்திலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் முகவரிடம் நேர்காணலுக்குப் போனாள். கருவிகளைப் பற்றிய கேள்வி இரண்டு. அடுத்தது: "எப்போது திருமணம்?" அதற்கடுத்தது: "உடனே குழந்தையா?" வீட்டுக்கு வந்தவள், "பாட்டி, அவர்களுக்கு என் கை மட்டும் வேண்டுமாம், வயிறு வேண்டாமாம்!" என்றாள். திருமணமான பெண்களைச் சேர்க்கத் தயங்குகின்றனர் என்ற புகார் 2024 சூனில் செய்தியாக வெளிவந்து, ஒன்றிய அரசே அறிக்கை கேட்கும் அளவுக்குப் போயிற்று. நாம் அச்செய்தியைப் படித்தபோது, எங்கோ நடப்பது என்று எண்ணினோம். அது நம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கான குடியிருப்பு, ரூ. 706.50 கோடியில் எழுந்து திறக்கப்பட்டது. நல்ல செயல், நெருக்கடியான வாடகை அறைகளிலிருந்து அந்தப் பெண்களை மீட்கும் செயல், பாராட்டுகிறோம். ஆனால் விடுதி படுக்கைக்கானது, தொட்டிலுக்கானதன்று. இருபதில் வந்து, இருபத்தைந்தில் மணமாகி வெளியேறும் பெண்ணுக்குப் பிறகு என்ன வழி? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், 26 வாரப் பேறுகால விடுப்பு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்லிற்று. தாயாகக்கூடிய பெண்ணை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால், காப்பகத்தில் கிடத்தக் குழந்தை ஏது?

எச்சரிக்கை வெகுதொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் தொங்குகின்றன. அந்தத் தென்கொரியாவில் 1960இல் பெண்ணுக்கு ஏறக்குறைய ஆறு பிள்ளைகள். 2023இல் 0.72! உலகிலேயே மிகத் தாழ்ந்த அளவு. பெண்கள் படித்தனர், வேலைக்குப் போயினர், ஆனால் அடுப்பும் தொட்டிலும் அவர்கள் தலையிலேயே இருந்தன, தாயானவளை அலுவலகம் ஓரங்கட்டிற்று. ஊக்கத்தொகையாக அரசு கொட்டிக் கொடுத்தது, தொட்டில் நிறையவில்லை. சீனம் 1980இல் ஒன்றுக்கு மேல் கூடாது என்றது. 2016இல் இரண்டு என்றது. 2021இல் மூன்றும் பெறலாம் என்றது. 2022இல் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. தடுத்தபோது அழுதவள், அழைத்தபோது வரவில்லை.

இந்த நிலையில் இங்கும் ஒரு குரல் கேட்கிறது. 2024 அக்டோபரில் தென்மாநில முதல்வர்கள் இருவர், பிள்ளை பெறுவதைப் பற்றி, ஒருவர் திட்டமாகவும் ஒருவர் வேடிக்கையாகவும், மேடையில் பேசினர். 2025 மார்ச்சில், மணமக்களே காலம் கடத்தாமல் பெறுங்கள் என்ற அறிவுரையும் நம் மாநிலத்தில் ஒலித்தது. அந்தப் பேச்சின் பின்னணியிலுள்ள அச்சம் பொய்யன்று. 1962இல் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள், 1967இல் 39. மக்கள் பெருகிய இடத்துக்கு ஏற்றம், பெருகாத இடத்துக்கு இறக்கம்! அந்த அநீதியை உணர்ந்துதான் 1976இலும் 2001இலும் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இடப் பங்கீட்டை 1971 கணக்கிலேயே நிறுத்தினர். 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்புவரை என்று எல்லையும் வைத்தனர். குடும்பநலத்தைச் செய்து காட்டியவனுக்குத் தண்டனையா என்று கேட்பது நியாயம். உரக்கக் கேட்போம். மன்றத்தில் கேட்போம், மக்களிடம் கேட்போம்.

ஆனால் அந்த வழக்கை வாதாடப் பெண்ணின் வயிற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டா! நேற்று நாட்டுக்காக நிறுத்து என்றோம். இன்று நாட்டுக்காகப் பெறு என்பதா? அன்று முன்யோசனையற்றவள் என்றனர். இன்று மொழிப்பற்று அற்றவள் என்பரோ? பாராளுமன்றத்து நாற்காலிகளைச் செய்யும் தச்சுப்பட்டறை அன்று, தாய்மை. நாட்டுக்காகவும் அன்று, வீட்டுக்காகவும் அன்று என்ற அந்தப் பழைய வாதம், குறைத்துப் பெறுவதற்கு மட்டும் பொருந்துவதன்று. கூட்டிப் பெறச் சொல்லும் வாய்க்கும் அதுவே மறுமொழி.

முதுமை வருகிறதே என்பர். வருகிறது. 2011லேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். நம் தெருவே சாட்சி. தமக்கையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தம்பி, சென்ற மழைக்காலத்தில் இரவில் எனக்கு மூச்சுத் திணறியது. மகள் பெங்களூரில், பேத்தி விடுதியில். என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் தெரியுமா? கொட்டகைப் பிள்ளைகள். ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் அம்மாக்கள் பெற்றார்கள், நான் பிழைத்தேன். நீ தேநீர்க் கடையில் என்ன வேண்டுமானாலும் பேசு!"

நமக்கு மறுமொழி இல்லை.

தேவைகள் சிலவே. இங்கு வந்து உழைக்கும் பிள்ளைகளை எண்ணிக்கையாகப் பாராமல், மனிதராகப் பார்க்க வேண்டும். நாளை அவர்கள் குடும்பத்தோடு வந்தால், அந்தக் குழந்தைகளுக்கு நம் ஊர்ப் பள்ளியில் பலகையும் தட்டும் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலை வாயிலில் பெண்ணிடம் திருமணக் கேள்வி கேட்பது குற்றமென்றாக வேண்டும். காப்பகம் ஏட்டிலிருந்து இறங்கி ஆலைக்குள் வர வேண்டும். சமையலறையில் ஆணுக்கும் ஒரு ஷிப்டு வேண்டும். பிறகு, பெறுவதா, எத்தனை, எப்போது என்பதை அவளிடம் விட்டுவிட வேண்டும். அவள் ஒன்று என்றால் ஒன்று. மூன்று என்றால் மூன்று. வேண்டா என்றால் வேண்டா.

ஊர் திரும்பும் நாளில் தமக்கையின் பேத்தி விடுதியிலிருந்து வந்திருந்தாள். வேறோர் ஆலையில் வேலை கிடைத்துவிட்டதாம். பாட்டியாரின் விரற் கணக்கை அவளுக்குச் சொன்னோம். ஓசையில்லாமல் மடங்கும் ஏழு விரல்களையும் மடக்கிக் காட்டினோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"கொள்ளுப்பாட்டிக்கு எத்தனை வேண்டும் என்று இருந்தது, தாத்தா?"

நாம் எழுபதாண்டுகளாகக் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்க ஒரு பெண் நம் வீட்டில் வளர்ந்திருக்கிறாள். தர்பங்காவின் மண்பாதையில் மிதிவண்டி மிதிக்கும் அந்தச் சிறுமியின் வீட்டிலும் நாளை ஒருத்தி கேட்பாள்.